லாவா தொடாமலே எரிந்த வீடு: ஒரு மைன்கிராஃப்ட் நிகழ்வு ஆய்வு

"மாமா, லாவா வெளியவே வரல. ஆனா வீடு எரியுது."

தங்கை மகன் ஹெட்செட்டில் இப்படிச் சொன்னபோது நான் வேறொரு மலையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் உலகம், பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பு 1.20-இல் ஓடுகிற சின்ன உலகம். நான், தங்கையின் மகன், மகள், என் அலுவலக நண்பர் ஒருவர் என்று நாலே பேர். சனிக்கிழமை இரவுகளில் மட்டும் விளையாடுவோம். நான் ஓடி வந்து சேர்வதற்குள் மாடி போய்விட்டது. கூடத்தின் சுவர் இருந்த இடத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரு கிராஃப்டிங் டேபிளும் அந்தரத்தில் மிதந்தன. பெட்டிக்குள் இருந்த சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. பெட்டி மரத்தால் செய்ததுதான், ஆனால் இந்த விளையாட்டில் அது எரிந்து போகாது. பலகைச் சுவர், தரை, கூரை, மாடிப்படி எல்லாம் சாம்பல்கூட மிச்சமில்லாமல் மறைந்துவிட்டன.

கூடத்தின் நடுவே மூன்றுக்கு மூன்று லாவாக் குட்டை மட்டும் அப்படியே மினுமினுத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பையன் சொன்னது சரிதான்.

இந்த எழுத்து அந்தக் குட்டையைப் பற்றியது. அது எப்படி வீட்டை எரித்தது, அப்புறம் அதே ஒன்பது பிளாக் லாவாவை வைத்து வீட்டை எப்படித் திரும்பக் கட்டினோம் என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

குட்டை இருந்த விதம்

அதைப் போட்டது நான்தான். லாவாவின் ஒளி அளவு 15, அதாவது விளையாட்டில் இருக்கிற உச்ச ஒளி. பேய்கள் முளைக்காது, பந்தங்களும் வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும். முக்கியமாக அது நல்ல குப்பைத்தொட்டி: ஜாம்பிகளிடமிருந்து கிடைக்கும் அழுகிய மாமிசம், உடைந்த வில், தேவையில்லாத விதைகள் எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடலாம்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அதனால் குட்டையைச் சுற்றி ஒரு பிளாக் அகலத்துக்குக் கல் செங்கல் வரம்பு கட்டினேன். அதற்கு அப்பால்தான் ஓக் பலகைத் தரை. கூரையையும் உயர்த்தி, நடுவில் நாலு பிளாக் காற்று விட்டிருந்தேன். ஆறு வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த ஆறு வாரம்தான் எங்களை ஏமாற்றியது. ஒரு ஏற்பாடு ஒழுங்காக ஓடினால் அது எதனால் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஏழாவது வாரம் மருமகள் குட்டையோரமாக, கருவிகளுக்கு மந்திரம் ஏற்றுகிற மந்திர மேசை போட்டாள். அந்த மேசை முழுச் சக்தியோடு வேலை செய்ய 15 புத்தக அலமாரி வேண்டும். அலமாரி ஒன்றுக்கு மூன்று புத்தகம், ஆறு பலகை. ஆக 45 புத்தகம், அதற்கு 45 தோல், 135 காகிதம். பாவம், இரண்டு வாரமாக மாடு வளர்த்து, கரும்பு வெட்டிச் சேர்த்திருந்தாள். அலமாரிகளை இரண்டு அடுக்காக நிறுத்தினாள். ஒரு வரிசை, கல் வரம்பு முடிந்ததும் அடுத்த பிளாக்கிலேயே ஆரம்பித்தது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அண்ணனோடு சேர்ந்து வைரம் தேட வீட்டுக்கு நேர் கீழே சுரங்கத்தில் இறங்கினாள்.

"நாங்க வீட்லயே இல்லையே மாமா, அப்புறம் எப்படி?" என்று பிறகு கேட்டாள். இருந்தார்கள் என்றுதான் விளையாட்டு நினைத்தது. ஒரு ஆட்டக்காரர் இருக்கும் பகுதி மேலிருந்து கீழ் வரை முழுக்க உயிரோடு இருக்கும். அவர்கள் நூறு பிளாக்குக்கும் கீழே நின்றாலும் மேலே கூடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஏன் எரிந்தது

பழைய சேமிப்பிலிருந்து உலகத்துக்கு ஒரு நகல் எடுத்து, பொருள்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் கிரியேட்டிவ் முறையில் அதே குட்டையை அதே அளவில் கட்டிப் பார்த்தோம். நண்பர்தான் பொறுமையாகச் செய்தார்.

லாவா எரிய வைப்பதற்கு எதையும் தொட வேண்டியதில்லை. உலகம் 16-க்கு 16-க்கு 16 என்று கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் விளையாட்டு, டிக் (அதன் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) ஒன்றுக்கு மூன்று பிளாக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கும். வினாடிக்கு 20 டிக். கட்டத்தில் 4,096 பிளாக். அதனால் ஒரு குறிப்பிட்ட பிளாக்கின் முறை சராசரியாக 68 வினாடிக்கு ஒரு தடவை வரும். லாவாவின் முறை வந்தால் அது தனக்கு மேலே ஒரு பிளாக் உயரத்தில், நேர் மேலேயோ ஒரு பிளாக் தள்ளியோ, ஒரு காற்றிடத்தைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் காற்றை ஒட்டி எரியக்கூடியது ஏதாவது இருந்தால் அங்கே தீ. இல்லையென்றால் சில சமயம் அங்கிருந்து இன்னும் ஒரு பிளாக் மேலே, இன்னும் ஒரு பிளாக் தள்ளி இன்னொரு முறை பார்க்கும். இது போக, தன் மட்டத்திலேயே பக்கத்துப் பிளாக்கில் பலகை இருந்து அதன் தலைக்கு மேல் காலியாக இருந்தால் அங்கேயும் தீ வைக்கும்.

இப்போது என் வரம்பைப் பாருங்கள். லாவா விளிம்பிலிருந்து முதல் பிளாக் கல். இரண்டாவது பிளாக்கில் பலகைத் தரை. அந்தத் தரை லாவாவின் கைக்கு எட்டாது, அதனால்தான் ஆறு வாரம் பிழைத்தோம். ஆனால் அதே இரண்டாவது பிளாக்கின் மேல் ஒரு அலமாரி ஏறி நின்றால் கதை வேறு. கல் வரம்புக்கு மேலே இருக்கிற காற்று லாவாவின் முதல் எட்டலுக்குள் இருக்கிறது, அலமாரியின் பக்கவாட்டு அந்தக் காற்றை ஒட்டி நிற்கிறது. தரைக்குப் போதுமான வரம்பு, தரைமேல் நிற்கும் சாமானுக்குப் போதவில்லை.

நகல் உலகத்தில் அலமாரி வைத்து, ரேண்டம் டிக் வேகத்தை, அதாவது டிக் ஒன்றுக்குத் தொடும் பிளாக் எண்ணிக்கையை, 3-லிருந்து 300 ஆக்கினார் நண்பர். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் பற்றிக்கொண்டது. வேகத்தைப் பழையபடி 3-க்கு இறக்கி ஐந்து தடவை வைத்துப் பார்த்தோம். ஐந்திலும் சில நிமிடங்களுக்குள் தீ.

அலமாரியை ஒரு பிளாக் பின்னுக்குத் தள்ளி மூன்றாவது பிளாக்கில் வைத்தோம். ஒரே அடுக்காக இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடுக்கு வைத்ததும், கொஞ்ச நேரம் கழித்து மேல் அடுக்கு மட்டும் பற்றியது! லாவாவின் இரண்டாவது எட்டல் இரண்டு பிளாக் உயரத்தில் இரண்டு பிளாக் தள்ளி வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நான்காவது பிளாக்கில் வைத்தபோது, வேகம் 300-இலும் அசையவில்லை.

தீ ஆரம்பித்ததும் நடந்தது வழக்கமான விஷயம். தீ பக்கவாட்டில் ஒரு பிளாக்தான் தாவும், மேல்நோக்கி நாலு பிளாக் வரை தாவும். நான் பெருமையாக உயர்த்திக் கட்டிய கூரை அதற்கு ஒரு தாவல்தான். அதோடு விளையாட்டின் உள்கணக்கில் பலகைக்குப் பற்றிக்கொள்ளும் எண் 5, புத்தக அலமாரிக்கு 30. அதாவது கூடத்தில் இருந்ததிலேயே சீக்கிரம் பற்றக்கூடிய பொருளை லாவாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

கண்ணாடி மூடி போட்டிருந்தால்? அதையும் பார்த்தோம். சரியாக மூன்றுக்கு மூன்று மூடினால் போதாது. ஓரத்து லாவா மூடிக்கு வெளியே ஒரு பிளாக் தள்ளி இருக்கிற காற்றைத் தேர்ந்தெடுத்துவிடும். ஐந்துக்கு ஐந்தாக, வரம்பையும் சேர்த்து மூடினால் முதல் எட்டலிலேயே கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

தீ பரவுவதையே நிறுத்துகிற கேம்ரூல் (உலகம் முழுக்கப் பொருந்தும் அமைப்பு) ஒன்று இருக்கிறது, லாவா தீ வைப்பதையும் அது நிறுத்தும். மருமகன் அதைப் போட்டுவிடலாம் என்றான். பெரிய சர்வர்களில் யாராவது வேண்டுமென்றே கொளுத்திவிட்டுப் போவார்கள், அங்கே அது நியாயம். நாலு பேர் வீட்டில் எனக்கு மனமில்லை. அதைப் போட்டால் லாவா வெறும் ஆரஞ்சு நிற ஜமுக்காளம். ஓட்டெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. உலகத்தை நடத்துவது என் கணினி என்பதால் நான் ஜெயித்தேன்.

கல் வீட்டுக்கான கணக்கு

இனி பலகை வேண்டாம், கல் செங்கல்லும் கண்ணாடியும்தான் என்று முடிவானது. நண்பர் வரைந்த திட்டப்படி 1,800 கல் செங்கல், 300 கண்ணாடி, 200 வழவழக் கல். காப்பிள்ஸ்டோனை (வெட்டியெடுத்த உடைகல்) ஒரு தடவை சுட்டால் கல், நாலு கல்லுக்கு நாலு கல் செங்கல். கண்ணாடிக்கு ஒரு தடவை, வழவழக் கல்லுக்கு இரண்டு தடவை சுட வேண்டும். கூட்டினால் 1,800, 300, 400, மொத்தம் 2,500 சுடுதல்.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே சிரிப்பார்கள்: சில்க் டச் மந்திரம் ஏற்றிய பிக்காக்ஸ் (கல் வெட்டும் கருவி) இருந்தால் கல்லைக் கல்லாகவே வெட்டி எடுக்கலாமே, சுடுவது எதற்கு? உண்மைதான். அந்தப் பிக்காக்ஸுக்கு மந்திரம் ஏற்றத்தான் அந்த 15 அலமாரி.

ஒரு நிலக்கரி எட்டு பொருள் சுடும். 2,500-க்கு 313 நிலக்கரி, அடுக்குக்கு 64 என்று கிட்டத்தட்ட ஐந்து அடுக்கு. எங்களிடம் இருந்தது ஒன்றரை அடுக்கு. ஒரு லாவா பக்கெட் 100 பொருள் சுடும், பற்றவைத்ததுமே காலி பக்கெட் திரும்பக் கிடைக்கும். ஆக 25 பக்கெட் லாவா போதும். ஆனால் லாவா தண்ணீர் மாதிரி ஊறாது. தண்ணீருக்கு இரண்டு ஊற்றுப் பிளாக் இருந்தால் முடிவில்லாமல் மொண்டுகொண்டே இருக்கலாம். லாவாவை மொண்டால் மொண்டதுதான்.

மருமகன் அடியாழத்துக்குப் போய் மொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். 1.18-க்குப் பிறகு உலகத்தின் அடித்தளம் உயர எண் ஒய் −64-இல் இருக்கிறது, −55-க்குக் கீழே திறந்த குகை எல்லாம் லாவா ஏரிதான். நாலு பக்கெட்டோடு போனான். லாவா நிறைந்த பக்கெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காது, ஒவ்வொன்றும் பையில் ஓரிடம் பிடிக்கும். மூன்றை நிரப்பிவிட்டு நாலாவதுக்குக் குனிந்தபோது பின்னாலிருந்து எலும்புக்கூடு ஒன்று அம்பு விட்டது. அம்பின் தள்ளல் அவனை உள்ளே சாய்த்தது. லாவாவில் அரை வினாடிக்கு இரண்டு இதயம் போகும். மொத்தம் பத்து இதயம். கவசமில்லாமல் போயிருந்தான். "மா" என்று ஆரம்பித்தான், "மா" முடிவதற்குள் செத்து, படுக்கையிடத்தில் மறுபடி எழுந்தான். நாலு பக்கெட்டும் அங்கேயே எரிந்துபோயின. அதாவது 12 இரும்பு.

சொட்டு லாவா

2021 ஜூனில் வந்த 1.17 பதிப்பில் லாவா ஊறாத குறைக்கு ஒரு வழி சேர்த்தார்கள். லாவா ஊற்றுக்குக் கீழே ஒரு முழு பிளாக், அதன் அடியில் கூரான டிரிப்ஸ்டோன் (சொட்டுக்கல்) தொங்க வேண்டும், அதற்குக் கீழே ஒரு கால்ட்ரன் (இரும்புக் கொப்பரை). மேலே இருக்கும் லாவா குறையவே குறையாது, கீழே கால்ட்ரன் நிறையும். ஒவ்வொரு ரேண்டம் டிக்கிலும், அதாவது டிரிப்ஸ்டோனின் முறை வரும்போதெல்லாம், 256-இல் 15 பங்கு வாய்ப்பு. முன்பு சொன்ன 68 வினாடியை அந்த வாய்ப்பால் வகுத்துப் பார்த்தால் சராசரியாக 19 நிமிடம் 25 வினாடிக்கு ஒரு கால்ட்ரன். தண்ணீர் போலப் படிப்படியாக நிறையாது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று முழுசாக நிறைந்திருக்கும்.

கால்ட்ரன் ஒன்றுக்கு ஏழு இரும்பு. பெட்டியில் இருந்தது 51. ஏழு கால்ட்ரன் செய்தால் 49, மிச்சம் இரண்டு. நல்லவேளை என் பையில் மூன்று பக்கெட் தனியாக இருந்தன.

லாவா ஊற்றுக்கு எங்கும் போகவில்லை. எரிந்த வீட்டின் நடுவே ஒன்பது பிளாக் மினுமினுத்துக்கொண்டிருந்ததே, அதை மொண்டோம். ஏழு கால்ட்ரனுக்கு ஏழு. மிச்சம் இரண்டில் ஒன்றைக் காப்பிள்ஸ்டோன் ஜெனரேட்டருக்கு வைத்தோம்.

அந்த ஜெனரேட்டரில் ஒரு சின்ன அவமானம். ஓடும் லாவாவை ஓடும் தண்ணீர் தொட்டால் காப்பிள்ஸ்டோன். லாவா ஊற்றையே தண்ணீர் தொட்டால் அப்சிடியன் என்கிற கடினக் கல், ஊற்று போச்சு. அதனால் தண்ணீர்ப் பக்கம் ஒரு பிளாக் ஆழமாகக் குழி வெட்ட வேண்டும், தண்ணீர் அதில் விழுந்து நிற்க. இருபது தடவையாவது கட்டியிருப்பேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே கட்டியதில் குழியை மறந்துவிட்டேன். தண்ணீர் நேராகப் போய் லாவாவை நக்கியது. கருநீல பிளாக் ஒன்று. ஒன்பதாவது லாவாவை வைத்து மறுபடி கட்டினேன், இந்தத் தடவை பேசாமல்.

இந்த உலகில் லாவா ஒரு பிளாக் நகர 1.5 வினாடி எடுக்கும். எனவே ஜெனரேட்டரிலிருந்து 1,800 காப்பிள்ஸ்டோன் எடுக்க எவ்வளவு வேகமாக வெட்டினாலும் 45 நிமிடம் நின்றாக வேண்டும். பாதியை அங்கே வெட்டினோம், பாதியை மலையில். முழுக்க ஜெனரேட்டரிலேயே எடுப்பவர்களை எனக்குப் புரிவதில்லை, மலை என்ன விலைக்கா விற்கிறது?

உலை எத்தனை வைப்பது என்பதுதான் ருசியான கணக்கு. ஒரு பொருள் சுட 10 வினாடி, ஒரு பக்கெட் 1,000 வினாடி எரியும். ஒரு கால்ட்ரன் நிறைய சுமார் 1,165 வினாடி. அப்படியானால் ஏழு கால்ட்ரன் சரியாக ஆறு உலையை இடைவிடாமல் எரிக்கும். ஆறு உலையில் 2,500 பொருள் என்றால் 69 நிமிடம். ஏழு கால்ட்ரனில் 25 பக்கெட் சேரவும் அதே 69 நிமிடம். எழுதிப் பார்த்தபோது நண்பர் கைதட்டினார்.

நடைமுறையில் இரண்டு சனிக்கிழமை ஆனது. நிறைந்த கால்ட்ரனை யாராவது போய் மொண்டால்தான் மறுபடி சொட்டும். பொருள்களைத் தானாக நகர்த்தும் ஹாப்பரோ டிஸ்பென்ஸரோ கால்ட்ரனிலிருந்து லாவா எடுக்காது, மனிதக் கைதான் வேண்டும். மருமகள் ஒவ்வொரு கால்ட்ரனுக்குப் பின்னாலும் ஒரு கம்பாரேட்டர் (நிறைந்ததை உணரும் கருவி) வைத்து விளக்கோடு இணைத்தாள், நிறைந்தால் விளக்கு எரியும். அதற்கப்புறம் வேகம் கூடியது. மூன்று பக்கெட்டை வைத்துக்கொண்டு ஆறு உலைக்கு ஓடியதில் உலை பல தடவை அணைந்தும் கிடந்தது.

முதல் நாள் இன்னொரு இழப்பு. உலையில் 64 காப்பிள்ஸ்டோனைப் போட்டு லாவா ஊற்றிவிட்டு மருமகன் மறந்து போனான். லாவா பற்றவைத்தால் நிற்காது. 64 சுட்டபின் மிச்சம் 36-க்கான சூடு வெறுமனே எரிந்து தீர்ந்தது. பிறகு உலைக்கு மேலே ஹாப்பரும் பெட்டியும் வைத்து எப்போதும் நூற்றுக்கு மேல் கல் காத்திருக்கும்படி செய்தோம். உலைக்குக் கீழே வைத்த ஹாப்பர், வெந்த கல்லோடு காலி பக்கெட்டையும் எரிபொருள் இடத்திலிருந்து இறக்கிக் கொடுத்தது. அது இறக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். பிளாஸ்ட் ஃபர்னஸ் வாங்கலாமே என்று கேட்காதீர்கள், அது தாதுவையும் உலோகச் சாமானையும்தான் உருக்கும், கல்லைச் சுடாது.

இப்போது

வீடு நிற்கிறது. நடுக்கூடத்தில் லாவாக் குட்டையும் திரும்ப வந்துவிட்டது. வேலை முடிந்தபின் கால்ட்ரன்களிலிருந்தே மேலும் ஒன்பது பக்கெட் சேர்த்து ஊற்றினோம். சுற்றி இரண்டு பிளாக் கல், மேலே ஐந்துக்கு ஐந்து கண்ணாடி. அலமாரிகள் எதிர்ச் சுவரில் நிற்கின்றன. அந்த ஒற்றை அப்சிடியனை மருமகன் வைரப் பிக்காக்ஸால் பத்து வினாடி தட்டி எடுத்து வாசற்படியில் பதித்து, "மாமா கட்டியது" என்று பலகை மாட்டியிருக்கிறான். வீட்டில் இருக்கிற ஒரே மரப்பலகை அது.

மருமகளுக்குத்தான் புது வீட்டில் குறை. குட்டைக்கு மூடி போட்டாயிற்று, இனி அழுகிய மாமிசத்தை எங்கே கொட்டுவது? போன வாரம் பெட்டியைத் திறந்தால் பதினொரு அடுக்கு இருந்தது.